சேர்க்காத சர்க்கரை

துப்பறிவாளரை ஊரார் ஆமை என்பார்கள். அவர் தலையைத் திருப்பி முடிப்பதற்குள் பொறுமையிழந்து குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள் உண்டு. அவருடைய மச்சான் பட்டாசு நேரெதிர். குற்றம் நடப்பதற்கு முன்பே ஆளைப் பிடித்துவிடுவான்.

அன்று வந்தவள் ஒரு தையல்காரி. கையில் துணிமணி அடைத்த பை.

"மாமனாருக்குச் சர்க்கரை வியாதிங்க. கால் கறுத்துப்போச்சு, நாளைக்கு எடுக்கணுமாம். நான்தான் திருட்டுத்தனமா இனிப்பு குடுத்தேன்னு வீட்டுக்காரர் சொல்றார். இன்னிக்குள்ள உண்மை தெரியலன்னா பிள்ளைய விட்டுட்டு வெளிய போகணும்."

"நீங்கதான் குடுத்தீங்க!" என்றான் பட்டாசு, பழக்கதோஷத்தில்.

"வாய மூடு மச்சான்," என்றபடி ஆமை செருப்பை மாட்டினார்.

அவள் வீட்டுச் சமையலறையில் சர்க்கரை டப்பாவுக்குப் பூட்டு, சாவி கணவனிடம். டப்பாவை எட்டிக்கூடப் பார்க்காமல் எறும்பு வரிசை ஒன்று, கல்யாணத்துக்குக் கிளம்பிய உறவுக்கூட்டம்போல, சுவரோரமாக மாமனாரின் அறைக்குள் போய்க்கொண்டிருந்தது. ஆமையும் பின்னாலேயே போனார். வரிசை தலையணையடியில் முடிந்தது.

"எடுக்கப்போறது பிரேக் மிதிச்ச காலுங்க," என்றார் கட்டிலில் கிடந்த மாமனார். பேருந்து ஓட்டியவர். "மத்தத எடுத்தா சமாளிச்சுக்குவேன்."

கணவர் வந்தார். கணக்கு வாத்தியார். எல்லோரையும் கட்டிலைச் சுற்றி நிற்கவைத்தார் ஆமை.

"அப்பாவுக்கு நீங்க என்ன குடுக்கறீங்க, வாத்தியாரே?"

"சர்க்கரை இல்லாத டயட் பிஸ்கட் மட்டும்தான். உடம்புக்கு நல்லது, பசிக்கறப்பல்லாம் சாப்பிடலாம்."

"அந்த பிஸ்கட் டப்பா மேல எழுதியிருக்கறத வாய்விட்டுப் படிங்க."

"சர்க்கரை சேர்க்கப்படாதது."

"நீங்க சொன்னது?"

"இல்லாதது. ரெண்டும் ஒண்ணுதானே?"

"எறும்புக்கு வித்தியாசம் தெரிஞ்சிருக்கே."

தலையணையைத் தூக்கினார். பிஸ்கட் தூள், அதன்மேல் எறும்புக் கூட்டம். டப்பாவின் அடியைக் காட்டினார். எறும்புக் கால்களைவிடப் பொடி எழுத்தில்: மாவு, பேரீச்சம்பழக் கூழ், திராட்சைப் பாகு.

"இனிப்பு உள்ளயே இருக்கு. மேல சர்க்கரைய அள்ளிப் போடல, அவ்வளவுதான். டப்பா பொய் சொல்லல."

"பிடிச்சுடலாமா மாமா?" என்றான் பட்டாசு.

"யாரை?"

நீட்டிய விரலைப் பட்டாசு மெல்ல மடக்கிக்கொண்டான். வாத்தியார் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன ஒண்ணும் சொல்லாதீங்க," என்றார் மாமனார். "ஆசையா வாங்கியாந்தான். நானும் ஆசையாத் தின்னேன்."

தையல்காரி கணவன் முன் கையை நீட்டினாள். அவர் சாவியைக் கொடுத்தார்.

மறுநாள் காலை எடுத்துவிட்டார்கள்.

ஆமையும் பட்டாசும் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போயிருந்தபோது, வாத்தியார் புது டப்பாவோடு வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

"இந்தத் தடவ ஒரு எழுத்து விடாம படிச்சுட்டேன் சார். வேற கம்பெனி. முழுக்க முழுக்க இயற்கை இனிப்பாம்!"

ஆமை மெல்லத் தலையைத் திருப்பினார். அதற்குள், போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பெரியவரின் மிச்சக் கால் தன்னை உள்ளே இழுத்துக்கொண்டது.