எழுபத்தொன்பது விதமாக ஒரு வால்வு

செவ்வாயில் மனிதன் கண்ட அற்புதங்களில் தலையாயது பாறையைப் பிழிந்து பிராணவாயு எடுத்தது அல்ல. 'க்ளோஸ் தி வால்வ்' என்பதை ஆங்கிலத்திலேயே எழுபத்தொன்பது விதமாக எழுத முடிந்ததுதான். இது காற்றடைப்புக் கதவுகளுக்குக் கையேடு எழுதும் இருதயராஜின் கொள்கை. எழுபத்தொன்பதையும் கண்டுபிடித்தவன் அவனே.

அங்கே காலையில் பல் விளக்கும்போதே குளியலறைச் சுவர் அன்றைய காற்றளவைச் சொல்லும். கூடவே கையேடு எழுதுபவர்களின் புதுமை விழுக்காட்டையும் சொல்லும். ஒரு சொற்றொடர் இரண்டாம் முறை வந்தால் நகல்முகர்வி என்ற கருவி மோப்பம் பிடித்து மதிப்பெண்ணைக் கடித்துவிடும். விதை, மருந்துகளோடு பூமியிலிருந்து கப்பலேறி வந்த பழக்கம் அது.

இருதயராஜ் தொண்ணூற்றெட்டு விழுக்காடு. பக்கத்து மேசை ஜெபசீலி பன்னிரண்டு. மூன்று வருடமாக அவளுக்குப் பதவி உயர்வு இல்லை.

"எக்கா, ஒரே வாக்கியத்த எத்தன தடவதான் எழுதுவிய? போட்ட சட்டையவே வருசம் பூரா போடுத மாதிரி இருக்கு."

"ஏலே, காத்து தீரப்போறவன் சட்டையவா பாப்பான்?"

ஒவ்வொரு கதவையும் தன் கையால் கழற்றி மாட்டிப் பார்த்த பிறகே எழுதுபவள் அவள். இருதயராஜ் அகராதியைப் பார்த்து எழுதுபவன்.

அன்று மதியம் வானொலி கரகரத்தது. வெளியே வேலைக்குப் போன அவன் மனைவி மரியபுஷ்பம், மூன்றாம் கதவருகே நின்றாள். அந்தக் கதவுக்குக் கையேடு எழுதியவன் இருதயராஜ்.

"ஏங்க, வால்வ 'ஷட்' பண்ணியாச்சு. அடுத்து 'ஃப்ளோ ரெகுலேட்டர'ப் பூட்டணும்னு போட்டிருக்கிய. அது எங்க இருக்கு? செவரு பூரா தடவிட்டேன். ஆறு நிமிசத்துக்குத்தான் காத்து கெடக்கு!"

இருதயராஜ் கையேட்டைத் திறந்தான். வால்வுக்கு அவன் சூட்டிய இன்னொரு பெயரா அது? அல்லது பக்கத்தில் நிஜமாகவே வேறொரு கருவி உண்டா? எழுதியவனுக்கே விளங்கவில்லை.

"இரு புஷ்பம்... பாக்கேன்..."

"அஞ்சு நிமிசம்ங்க!"

ஜெபசீலி ஒலிவாங்கியைப் பிடுங்கினாள். "புஷ்பம், வால்வ மூடிட்டியா?"

"மூடிட்டேன்க்கா."

"அங்க இருக்கது அது ஒண்ணுதான். கதவத் தொற."

கதவு திறந்தது. உள்ளே வந்து தலைக்கவசத்தைக் கழற்றிய மரியபுஷ்பம் கணவனைத் தாண்டிப் போய் ஜெபசீலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் ஜெபசீலி தேநீர் எடுக்க எழுந்து போனதும், இருதயராஜ் மெல்லத் தன் நாற்காலியை நகர்த்தினான். அவளுடைய முதல் கதவுக் கையேட்டைப் பார்த்து மூன்றாம் கதவுக்கு எழுதத் தொடங்கினான். க்ளோஸ் தி வால்வ். ஆறாவது வரியில் மறுபடியும் அதே வாக்கியம் வந்தது. விரல் ஒரு கணம் தயங்கியது. பிறகு அதையும் அப்படியே எழுதினான்.