கடுகும் கோபக்காரப் போதகரும்

பள்ளிக்கூட வாசலில் மரக்கால் வைத்த ஒரு கரும்பலகை நின்றது. அதன் உச்சியில் கொட்டை எழுத்தில் 'இன்றைய சோம்பேறிகள்' என்று எழுதியிருந்தது.

காலை எட்டரைக்கு மணி அடித்ததும் வாட்ச்மேன் இரும்புக் கதவை இழுத்துச் சாத்திவிடுவார். அதற்குப் பிறகு வருகிறவர்கள் முதல் வகுப்பு முடியும்வரை வெளியே நிற்க வேண்டும். அவர்களுடைய பெயர்கள் பலகையில் ஏறும்.

தினமும் அதே ஒன்பது பெயர்கள்தான் ஏறின. எல்லாரும் பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஏழாம் நம்பர் பஸ்ஸில் வருகிற பிள்ளைகள்.

அந்தத் திங்கட்கிழமை மழை கொட்டியது. ஐந்தாம் வகுப்பு ஜன்னலிலிருந்து பார்த்தால் வாசல் நன்றாகத் தெரியும். ஒன்பது பேரும் மதிலை ஒட்டி நனைந்துகொண்டு நின்றார்கள். அவர்களில் உயரமான ஒருத்தியின் பட்டப்பெயர் நெட்டை. தன் பையைத் தம்பியின் தலைக்கு மேல் குடைபோலப் பிடித்திருந்தாள். ஒன்றாம் வகுப்பில் படிக்கும் அவள் தம்பி குட்டி, விடாமல் தும்மினான்.

"சோம்பேறி பஸ் வந்தாச்சு!" என்று பின் வரிசையில் யாரோ சொன்னார்கள். வகுப்பே சிரித்தது.

ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. அவளை எல்லாரும் கடுகு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் சின்னவள். சூடு பட்டால் படபடவென்று வெடிப்பாள். நெட்டை அவளுடைய உயிர்த்தோழி.

கடுகு எழுந்தாள். "எங்க போறே?" என்று ஆசிரியை கேட்பதற்குள் வாசலுக்கு ஓடிவிட்டாள். கரும்பலகையை ஓங்கி ஓர் உதை விட்டாள். பலகை குப்புற விழுந்து, அதன் ஒரு கால் முறிந்தது.

"ஐயையோ! பள்ளிக்கூடச் சொத்தும்மா அது!" என்று வாட்ச்மேன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

தலைமையாசிரியையைப் பிள்ளைகள் பெரிய மிஸ் என்பார்கள். அவருடைய அறையில் கடுகு சொட்டச் சொட்ட நின்றாள்.

"பலகையை ஏன் உடைச்சே?"

"அதுல பொய் எழுதியிருந்தது மிஸ்."

"பொய்யா? அவங்க நேரத்துக்கு வந்தாங்களா?"

"இல்ல. ஆனா அவங்க சோம்பேறி இல்ல."

"உனக்கு எப்படித் தெரியும்? அவங்க எத்தனை மணிக்கு எழுந்திருக்காங்கன்னு உனக்குத் தெரியுமா?"

கடுகு வாயைத் திறந்தாள். அவளுக்கு உண்மையிலேயே தெரியாது; நெட்டையிடம் அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

"எனக்குத் தெரியும்!" என்று கத்தினாள். காரியம் இன்னும் கெட்டது.

தண்டனை கிடைத்தது. ஒரு வாரம் விளையாட்டு வகுப்பு கிடையாது. அந்த நேரத்தில் நூலகத்தில் உட்கார்ந்து ஒரு நல்ல புத்தகம் படிக்க வேண்டும். படித்ததும், என்ன கற்றுக்கொண்டாள் என்று வந்து சொல்ல வேண்டும்.

பெரிய மிஸ்ஸே அவளை நூலகரிடம் அழைத்துப் போனார். "சார், இவளுக்குப் பொறுமை வர்ற மாதிரி ஒரு புத்தகம் குடுங்க. யாராவது ஒரு போதகரோட வாழ்க்கை வரலாறா இருக்கட்டும்."

நூலகர் தாடியைச் சொறிந்தார். "எந்தப் போதகர் மிஸ்?"

"யாரா இருந்தா என்ன? எல்லாரும் சாந்தமானவங்கதானே."

நூலகர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். பிறகு மேல் அலமாரியிலிருந்து ஒரு பழுப்பு அட்டைப் புத்தகத்தை எடுத்துத் தந்தார். முதல் பக்கத்தில் போதகரின் படம் இருந்தது. அடர்ந்த புருவம். யாரோ அவர் காலை மிதித்துவிட்டதுபோல ஒரு முகம்.

"சார், இவர் ஏன் இப்படி முறைக்கிறார்?"

"படிச்சுப் பாரு, தெரியும்."

வேண்டா வெறுப்பாகத்தான் கடுகு ஆரம்பித்தாள். பத்தாம் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இருபதாம் பக்கத்தில் மணி அடித்தது அவள் காதில் விழவில்லை.

அந்தப் போதகர் ஒரு துறைமுகத்து ஆலயத்துக்கு வந்தவர். கப்பலில் மூட்டை ஏற்றும் தொழிலாளர்கள் மத்தியானத்துக்குள் சோர்ந்து விழுந்தார்கள். 'உடம்பு வணங்காத கூட்டம்' என்று துறைமுக அதிகாரி அவர்களைத் திட்டினார். ஆலயத்துக்கு வந்த பெரிய மனிதர்களும் அதையே சொன்னார்கள். போதகருக்குக் கோபம் வந்தது. அன்று மாலை அவர் முழங்கால் போட்டு ஜெபித்ததைப் புத்தகத்தில் அப்படியே எழுதியிருந்தார்கள்:

'ஆண்டவரே, எனக்குக் கோபம் வருகிறது. அதை நான் வீணாக்கிவிடாதபடி காத்தருளும்.'

மறுநாள் விடியும் முன்னே அவர் அங்கியைக் கழற்றி வைத்துவிட்டுத் துறைமுகத்துக்குப் போனார். பதினொரு நாள் மற்றவர்களோடு மூட்டை சுமந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆசீர்வாதம் சொல்லக் கையைத் தூக்கினார்; கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. பன்னிரண்டாம் நாள் ஒரு தராசோடு போனார். ஐம்பது கிலோ என்று எழுதியிருந்த மூட்டை எழுபது கிலோ இருந்தது!

"அநியாயம்!" என்று கடுகு கத்தினாள்.

"ஷ்ஷ்!" என்றார் நூலகர்.

போதகர் அதைச் சொல்லப் போனபோது அதிகாரி 'நாளைக்கு வாரும்' என்றார். போதகர் நாளைக்குப் போனார். அதிகாரி மறுபடியும் 'நாளைக்கு' என்றார். நாற்பது நாள் போனார். நாற்பத்தோராவது நாள் அதிகாரியிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: 'ஐயா, நீங்களே ஒரு மூட்டையைத் தூக்கிப் பாருங்கள்.' அதிகாரி தூக்கினார். பாதித் தூரத்தில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த வாரமே மூட்டைகள் சிறிதாயின.

கடுகு புத்தகத்தை மூடினாள். அவளுக்கும் கோபம் வந்ததுதான். ஆனால் அவள் அந்தக் கோபத்தைப் பலகையின் காலில் செலவழித்துவிட்டாள்.

கடுகின் அப்பா பேக்கரியில் ரொட்டி சுடுகிறவர். விடியற்காலை சைக்கிளில் கடைகளுக்கு ரொட்டி கொண்டுபோய்ப் போடுவார்.

"அப்பா, நாளையிலேர்ந்து என்னை ஏழாம் நம்பர் பஸ் கிளம்புற இடத்துல விட முடியுமா?"

"அது பாலத்துக்கு அந்தாண்டயாச்சே! நம்ம வீட்டுலேர்ந்து பள்ளிக்கூடம் நாலு தெருதானேம்மா?"

கடுகு எல்லாவற்றையும் சொன்னாள். பலகையை உதைத்ததையும் மறைக்கவில்லை. அப்பா மாவுக் கையால் மூக்கைத் தேய்த்தார். மூக்கு வெள்ளையானது.

"உதைச்சது தப்பு. போய்ப் பாக்கணும்னு நினைக்கிறது சரி. ஆறரைக்கு ரெடியா இரு. ரொட்டிக் கூடை பக்கத்துல உட்காரணும். வழியில பிச்சுத் தின்னக் கூடாது!"

மறுநாள் ஏழு மணிக்கு முன்பே நெட்டையும் குட்டியும் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"நீ எங்கடி இங்க?" என்று நெட்டை வாயைப் பிளந்தாள்.

"நீங்க எத்தனை மணிக்கு எழுந்தீங்க?"

"அஞ்சுக்கு. தெருக்குழாய்ல தண்ணி பிடிக்கணும். அம்மா ஆஸ்பத்திரியில துணி துவைக்கிற வேலைக்குக் கிளம்பிடுவாங்க. குட்டியை நான்தான் குளிப்பாட்டணும்."

"அவ சோப்பைக் கண்ணுல போடுறா," என்றான் குட்டி.

கடுகு நோட்டில் எழுதினாள். ஏழேகாலுக்குப் பஸ் கிளம்பியது. அதற்கு முன்னால் வேறு பஸ்ஸே கிடையாது. ரயில்வே கேட்டில் சரக்கு ரயிலுக்காக நின்றது. ஒரு ரயில் போயிற்று. கேட் திறக்கவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொன்று வந்தது. முப்பத்தைந்து நிமிடம்! ஒன்பது பிள்ளைகளும் பஸ் ஜன்னலில் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பள்ளி நிறுத்தத்தில் இறங்கியதும் புத்தகப் பை முதுகில் அடிக்க எல்லாரும் ஓடினார்கள். குட்டிகூட ஓடினான்.

எட்டு நாற்பது. கதவு சாத்தியிருந்தது. முறிந்த காலுக்குக் குச்சி வைத்துக் கட்டி, பலகையை மறுபடி நிறுத்தியிருந்தார்கள்.

"நீயுமா?" என்று வாட்ச்மேன் வருத்தத்தோடு கேட்டுவிட்டு, பத்தாவதாக அவள் பெயரையும் எழுதினார்.

தன் பெயரைச் 'சோம்பேறிகள்' என்ற சொல்லுக்குக் கீழே பார்த்ததும் கடுகுக்குக் காது மடல்வரை கொதித்தது. கால் பரபரத்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். 'ஆண்டவரே, எனக்குக் கோபம் வருகிறது. அதை நான் வீணாக்கிவிடாதபடி...' என்று முணுமுணுத்தாள்.

ஐந்து நாள் அந்தப் பஸ்ஸில் வந்தாள். ஐந்து நாளும் நேரத்தைக் குறித்துக்கொண்டாள். பிறகு நோட்டோடு பெரிய மிஸ்ஸிடம் போனாள்.

"என்ன, புத்தகம் படிச்சியா? பொறுமை வந்துதா?"

"வந்தது மிஸ். நாற்பது நாளுக்குத் தேவையான பொறுமை வந்தது."

பெரிய மிஸ்ஸுக்குப் புரியவில்லை. நோட்டை மேலோட்டமாகப் புரட்டினார். "இப்போ வேலை இருக்கு. நாளைக்குப் பார்க்கலாம்."

மறுநாள் இடைவேளையில் கடுகு வாசலில் நின்றாள். "நாளைக்கு வந்துட்டேன் மிஸ்."

"நாளைக்குப் பார்க்கலாம்மா."

அடுத்த நாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். நான்காம் நாள் பெரிய மிஸ் பேனாவை மேசையில் வைத்தார். "உனக்கு என்னதான் வேணும்?"

"நீங்க ஒரே ஒரு நாள் ஏழாம் நம்பர் பஸ்ல வாங்க மிஸ். அப்புறம் பலகையில என்ன வேணும்னாலும் எழுதுங்க."

அவள் கத்தவில்லை. அதுதான் பெரிய மிஸ்ஸை என்னவோ செய்தது.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் பெரிய மிஸ் உட்கார்ந்திருந்தார். நெட்டை கம்புபோல விறைத்துப்போய் உட்கார்ந்தாள். குட்டி மட்டும் பயப்படவில்லை. "மிஸ், நீங்க அஞ்சு மணிக்கு எழுந்தீங்களா?" என்று கேட்டான்.

"ஆறு மணிக்கு," என்றார் பெரிய மிஸ், மெதுவாக.

ரயில்வே கேட்டில் பஸ் நின்றது. பெரிய மிஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். இரண்டாவது ரயில் வந்தபோது, "இதென்ன அநியாயம்!" என்று அவரே எழுந்து நின்றுவிட்டார்.

"தினமும் இப்படித்தான் மிஸ்," என்றாள் நெட்டை.

கடைசியில் எல்லாரும் ஓடினார்கள். பெரிய மிஸ்ஸும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். கதவு சாத்தியிருந்தது.

"கதவைத் திறங்க!"

வாட்ச்மேன் கம்பி வழியாகப் பார்த்து நடுங்கிப்போனார். "மிஸ், எட்டரை ஆயிடுச்சுங்களே. திறந்தா என்னைத் திட்டுவாங்க."

"யாரு திட்டுவாங்க?"

"நீங்கதான் மிஸ்."

குட்டி கிளுக்கென்று சிரித்தான். நெட்டை அவன் வாயைப் பொத்தினாள்.

பெரிய மிஸ் கரும்பலகையைப் பார்த்தார். மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற பிள்ளைகளைப் பார்த்தார். வாட்ச்மேன் சாவியை எடுத்தபோது, "வேண்டாம், இருங்க," என்றார். முதல் வகுப்பு முடியும்வரை அவர்களோடு மதிலோரமாக நின்றார். வெயில் ஏறியது.

மறுநாள் காலைக் கூட்டத்தில் பேசினார். "ஒன்பது பேரை நான் சோம்பேறின்னு எழுத வச்சேன். விசாரிக்கவே இல்லை. தப்பு என்னோடது. அவங்க என்னை மன்னிக்கணும்."

பின் வரிசையில் சிரித்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். பலகை எரிவிறகாகிப் பள்ளிச் சமையலறைக்குப் போனது. முதல் வகுப்பு ஒன்பது மணிக்குத் தள்ளிப்போனது. அதற்கு முன்பே வந்தவர்கள் அதுவரை புத்தகம் படிக்கலாம். பஸ் நிர்வாகத்துக்குப் பெரிய மிஸ் எழுதிய கடிதத்தோடு கடுகின் நோட்டும் போனது.

அன்று மாலை கடுகு நூலகத்துக்குப் போனபோது பெரிய மிஸ் அங்கே இருந்தார்.

"சார், அந்தப் போதகர் புத்தகத்தைக் குடுங்க. நான் அதைப் படிச்சதே இல்லை."

"நெட்டை எடுத்துட்டுப் போயிட்டா மிஸ்," என்றார் நூலகர். "வேற ஒண்ணு இருக்கு. இவர் தீவுத் தீவா படகு ஓட்டிப்போய் ஊழியம் செஞ்ச போதகர். காது கேக்காத ஒரே ஒரு பையனுக்காக அறுபது வயசுல சைகை மொழி கத்துக்கிட்டார்."

"எனக்கு!" என்று இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் கேட்டன.

புத்தகம் ஒன்றுதான் இருந்தது. ஜன்னலோர பெஞ்சில் இருவரும் நெருங்கி உட்கார்ந்தார்கள்.

"மிஸ், பக்கத்தைத் திருப்பட்டுமா?"

"இரும்மா, எனக்கு இன்னும் ரெண்டு வரி இருக்கு."