ரப்பர் பாவாடையைக் கிழித்தவன்

படைத்தளத்தின் பாதுகாப்பு அதிகாரிக்கு ஒரு பழக்கம் உண்டு. முதலில் விலங்கு மாட்டுவார்.

பிறகுதான் விசாரிப்பார்.

அன்று காலை அவர் விலங்கு மாட்டியது, சொந்த மைத்துனனான மெக்கானிக்குக்கு!

"அத்தான்... கை வலிக்குது."

"டியூட்டில அத்தான் கிடையாது. சார்!"

"சரி சார் அத்தான்."

கொட்டகையின் நடுவே அந்த மாபெரும் ஹோவர்கிராஃப்ட் காற்றிறங்கிச் சப்பையாகக் கிடந்தது. கடலிலிருந்து நேரே மணலில் ஏறி, வீரர்களையும் கவச வண்டியையும் இறக்கிவிடும் ராணுவ ஊர்தி. காற்றை அடியில் அடைத்துவைக்கும் ரப்பர் பாவாடைதான் அதன் உயிர்.

அந்தப் பாவாடை, விடியற்காலை ஒத்திகையிலிருந்து நார்நாராகத் திரும்பியிருந்தது!

"நேத்து சாயங்காலம் கடைசியா இதைத் தொட்டது யாரு?"

"நான்தான். அதுக்குத்தானே சம்பளம்!"

"லீவு குடுக்கலைன்னு கோபம். கத்தியால கீறி வெச்சுட்டே!"

"லீவு கேட்டதே அக்கா பொறந்தநாளுக்கு. உங்களுக்கு ஞாபகம் இல்லேன்னு அது அழுதுச்சு."

அதிகாரியின் முகம் லேசாக வெளிறியது.

தொலைபேசி அலறியது. தளபதி!

"மதியம் வண்டி வருது. ஆளை ஒப்படைச்சிடுங்க. வேலை போகும், ஜெயிலும் நிச்சயம். ஆதாரம் இருக்குல்ல?"

"கையிலயே இருக்கு சார்!"

கையில் இருந்தது தேநீர்க் கோப்பை மட்டுமே.

"நட... கத்தியை மணல்லதான் புதைச்சிருப்பே!"

கடற்கரை. ஊர்தி ஏறிவந்த அகலமான தடம். பூதக்கண்ணாடியுடன் குனிந்து, சிறுத்தை நடை நடந்தார் அதிகாரி. சிறுத்தைக்குத் தொப்பை இருந்தால் அப்படித்தான் நடக்கும்.

பர்ர்ர்ர்க்!

கால்சட்டை முழங்காலிலிருந்து தொடைவரை கிழிந்தது!

மணலில் துருத்திக்கொண்டிருந்தது ஒரு கூரிய இரும்புக் கம்பி. முனையில் கறுப்பு ரப்பர் துணுக்கு. பக்கத்தில் இன்னொன்று... அதற்கப்பால் வரிசையாக!

"அத்தான்... இதெல்லாம் யாரு நட்டது?"

அதிகாரி பூதக்கண்ணாடியைச் சட்டைப்பைக்குள் செருகினார்.

"அத்தான்?"

"நான்தான். நேத்து இருட்டுறப்ப. கடல் வழியா எதிரி வந்துடக்கூடாதுன்னு..."

"பைலட்கிட்ட சொன்னீங்களா?"

"பாதுகாப்பு ஏற்பாடுன்னா ரகசியமா இருக்கணும்டா."

"எதிரி வரல அத்தான். நாமதான் வந்தோம்!"

ஊர்தியின் பெரிய விசிறி எழுப்பும் நீர்ச்சாரலில் பைலட்டுக்குக் கம்பி எங்கே தெரியப்போகிறது! தன் வாலையே திருடனென்று துரத்திப் பிடித்த நாயைப் போல நின்றார் அதிகாரி.

சுற்றிலும் யாருமில்லை. கம்பிகளைப் பிடுங்கிக் கடலில் எறிந்துவிட்டால்... தீர்ந்தது!

ஒரு கம்பியைப் பற்றினார். மைத்துனன், விலங்கிட்ட கைகளைத் தூக்கித் தன் முகத்து வியர்வையைத் துடைப்பது தெரிந்தது.

கம்பியை விட்டார்.

விலங்கைக் கழற்றினார். தளபதியை அழைத்தார்.

"சார்... பாவாடையைக் கிழிச்சது நான். என் மச்சான் மேல ஒரு தப்பும் இல்ல. எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

மறுமுனையில் வெடித்தது வசவு. பாவாடையை மாற்றும்வரை அவர் மெக்கானிக்கின் எடுபிடி என்று உத்தரவு!

"மன்னிச்சுடுடா."

"முதல்ல படுங்க அத்தான். அடியில போல்ட் கழட்டணும்."

மாலையில், ஊர்தியின் அடியில் கிரீஸ் முகத்தோடு கிடந்தவரின் கைப்பேசி ஒலித்தது. மனைவி!

"என் தம்பியை விட்டீங்களா?"

"விட்டாச்சும்மா. நெஜக் குற்றவாளியும் பிடிபட்டுட்டான்!"

"யாருங்க அந்தப் பாவி?"

"உன் தம்பியோட காவல்லதான் இருக்கான். வீட்டுக்கு விடுவானான்னு நீயே ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லேன்!"