கடைசி ஆளின் பதில்

முகத்துவாரத்தில் இறங்குமுன் ஆல்போன்ஸ் செய்த கடைசிக் காரியம், மனைவி மார்த்தின் குதிகாலில் ஏறியிருந்த சப்பாத்திக்கள்ளி முள்ளைப் பிடுங்கியது. "இந்தக் காலுக்கும் பிரெஞ்சுப் பென்சன் கேட்டுப் பாப்பமா?" என்று சிரித்துவிட்டு, அவளைப் பெண்களோடு முன்னால் அனுப்பினார். வரிசையின் கடைசி ஆளாகத் தண்ணீரில் இறங்கினார். அது 1981.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காரைக்கால் பக்கத்துத் திருவேட்டக்குடியிலிருந்து வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு நடந்து போகிறவர்கள், ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடிதான் ஆற்றைக் கடப்பார்கள். முன்னால் போகும் முத்தையன் 'ஆவே' என்று குரல் கொடுப்பார். கடைசி ஆள் மட்டும் 'மரியா' என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வந்தால் எல்லோரும் இருக்கிறார்கள் என்று அர்த்தம். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அன்றும் கரை வரை பதில் வந்தது. ஏறிப் பார்த்தால் ஆல்போன்ஸ் இல்லை. உடலும் கிடைக்கவில்லை. அந்த ஆறு அதற்கு முன் கொண்டுபோனவர்களின் உடலும் கிடைத்ததில்லை.

அடுத்த வருஷம் மார்த் கடைசியில் போய் நின்றாள்.

"அக்கா, நீங்க பஸ்ஸுல போயிடுங்களேன்" என்றாள் முன்னால் நின்ற செல்லம்.

"பஸ்ஸு ஆத்துக்குள்ளயா போவுது? அவரக் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கேன். நீ நட."

சவுக்குத் தோப்பின் வழுக்கும் சருகையும், ஓலைகள் ஓயாமல் உரசிக்கொண்டிருந்த பனங்காட்டையும், நண்டு வளைகளிலிருந்து அழுகிய பாசி நாற்றம் கிளம்பிய உப்புச் சேற்றையும் தாண்டி, வெயில் ஏறும் நேரத்துக்கு ஆற்றில் இறங்கினார்கள். முழங்காலளவுதான் தண்ணீர். நடு ஆற்றில் அது திடீரென்று குளிர்ந்தது.

"ஆவே" என்றார் முத்தையன்.

மார்த் வாயைத் திறக்கவில்லை.

"மரியா."

பின்னாலிருந்து. ஆல்போன்ஸின் கரகரத்த குரல். அவள் தோளில் ஈரமாக ஒரு கை வந்து அமர்ந்தது. விரல்கள் கனத்தன. அவள் திரும்பவில்லை.

"வாங்க. இந்தத் தடவ உங்கள விட்டுட்டுப் போறதா இல்ல. எது தடுத்தாலும் சரி."

"ஆவே."

பதில் வந்தது. அவரிடமிருந்து அல்ல. அவருக்கும் பின்னால். ஒரு பெண்.

"ஆவே."

இன்னும் பின்னால். ஒரு குழந்தை.

"யாருக்கா அது?" என்றாள் செல்லம்.

"நட."

கால் கரையைத் தொட்டது. காய்ந்த மணல். மார்த் நிற்கவில்லை. பின்னால் ஈரக் கால்கள் கரையேறின. ஒன்று. அப்புறம் ஒன்று. அப்புறம் ஒன்று. ஏறிக்கொண்டே இருந்தன.