வலது வலைக்கு எத்தனை அடி உயரம்

கோல்ஃப் பயிற்சி மைதானத்தில் அவள் 'டிரைவர்' மட்டையை ஓங்கி வீசினாள். பந்து வலப்பக்கத் தூணில் மோதித் திரும்பி, இரண்டு துள்ளல் துள்ளி, மழைக்கு ஒதுங்கி நின்றிருந்த ஒருவரின் பக்கத்துப் பெஞ்சிலிருந்த காபிக் கோப்பைக்குள் விழுந்தது.

அவர் கோப்பையை எட்டிப் பார்த்தார். "சர்க்கரை கம்மியாத்தான் கேட்டேன்... இது கேக்கலையே."

மன்னிப்புக் கேட்க ஓடி வந்தவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். மழையில் நனைந்த இமைகளுக்குள் அந்தக் கண்கள் சிரித்துக்கொண்டிருந்தன... என்ன கண்கள் அப்பா!

அவள் பல் டாக்டர். "ஒண்ணும் ஆகாது, வாயைத் திறங்க" என்று நாள் முழுக்க ஊராரின் பயத்தைப் போக்குகிறவள். ஆனால் பையிலேயே நீளமான இந்த மட்டையைக் கண்டால் அவளுக்கே குலை நடுங்கியது. நான்கு மாதத்துக்கு முன் ஒரு போட்டியில், முதல் அடியே வலப்பக்கம் வளைந்து அக்காவின் மாமியார் தோளை உரசிக்கொண்டு போனது. யாருக்கும் அடியில்லை. அன்று போன தைரியம்தான் திரும்பவில்லை. ஆறு வருடமாக அக்காவும் அவளும்தான் ஜோடி. இந்த ஞாயிற்றுக்கிழமையும் முதல் அடி இப்படிப் போனால், இனி ஆபீஸ் தோழியைச் சேர்த்துக்கொள்வதாக அக்கா சொல்லிவிட்டாள். கோபத்தில் சொல்லியிருந்தாலாவது பரவாயில்லை. பரிதாபப்பட்டுச் சொன்னாள்.

பெஞ்சில் காபி தெறித்துக் கிடந்த அவர் காகிதத்தை அவள் கைக்குட்டையால் ஒற்றினாள். மைதானத்தின் படம், பந்தைத் தடுக்கும் வலப்பக்க வலைக்கு வெளியே அம்மை போட்டது போல் சிவப்புப் புள்ளிகள். என்னவென்று கேட்டாள். அவர் சர்வேயராம். வலையை எத்தனை அடி உயர்த்த வேண்டும் என்று அளக்க வந்திருக்கிறாராம். வெளியே விழுந்த பந்துகள்தான் அந்தப் புள்ளிகள்.

"யாரோ ஒருத்தர் தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து..." என்று தொடங்கியவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"அந்த யாரோ நான்தான்."

பையைத் தூக்கிக்கொண்டு மழையிலேயே நடந்துவிட்டாள். பின்னால் அவர் கூப்பிட்டதைக் கேட்காதது போல் போனாள். மானம் போன இடத்தில் திரும்பிப் பார்ப்பார்களா?

மறுநாள் செவ்வாய்க்கிழமை அவர் கண்ணில் படக்கூடாதென்று ஐந்து மணிக்கே வந்தாள். அவர் நாலரைக்கே வந்திருந்தார், கையில் நூல்கண்டோடு.

"எனக்கு இந்த விளையாட்டு தெரியாதுங்க. கோடு மட்டும் தெரியும். கோவத்தை அப்படியே வெச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் நில்லுங்க."

நின்றாள். அவர் குனிந்து, அவளுடைய இரண்டு கால் கட்டைவிரல்களையும் தொட்டபடி நூலை நீட்டினார். அது இலக்குக் கொடியைப் பார்க்கவில்லை. இடப்பக்கத்துச் சாமான் கொட்டகையைப் பார்த்தது.

அவளுக்குப் பொறி தட்டியது. வலப்பக்கம் போய்விடுமோ என்று பயந்து, நாளுக்கு ஓர் அங்குலமாக இடப்பக்கம் திரும்பியிருக்கிறாள். அப்படி நின்று பந்தைக் குறுக்கே இழுத்து அடித்தால், அது சுழன்று இன்னும் வலப்பக்கம்தானே போகும்! பயமே பள்ளம் தோண்டியிருக்கிறது.

நூலைக் கொடிப்பக்கம் திருப்பிப் போடச் சொன்னாள். முதல் அடி, பந்து பதினைந்து அடி உருண்டது. இரண்டாவது அதைவிடக் கேவலம். அவர் மரியாதையாக வானத்தைப் பார்த்தார். தன் விரல்களைப் பார்த்தாள், வெளுத்திருந்தன. இடுக்கியை இப்படி நெரித்தால் பல் வருமா, உடையத்தானே செய்யும்... பிடியைத் தளர்த்தினாள். மூன்றாவது அடியின் சத்தமே வேறாக இருந்தது. பந்து எழுந்து, நேராகப் போய், வலைக்குள்ளேயே விழுந்தது.

புதன், வியாழன், வெள்ளி... நூல் போடுவதற்கு அவர் தவறாமல் வந்தார். சனிக்கிழமை நூல் வேண்டாமென்று வெள்ளியன்றே அவளே சொல்லிவிட்டாள். சனிக்கிழமையும் வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் அடிக்கு மூச்சை விட்டு, காலைப் பார்த்து, கொடியைப் பார்த்து வீசினாள். கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்தாலும், வெட்டிய புல்லிலேயே பந்து போய் உட்கார்ந்தது. "அடுத்த மாசப் போட்டிக்கும் நம்ம பேரையே குடுத்துடறேன்டி" என்று முணுமுணுத்துவிட்டு அக்கா தன் பந்தை வைக்கப் போனாள்.

போட்டிக்காகக் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே அவர் நின்றிருந்தார். அவள் நேரே அவரிடம் நடந்தாள்.

"வலையை எத்தனை அடி உயர்த்தச் சொன்னீங்க?"

"ஒரு அடிகூட வேண்டாம்னு எழுதிட்டேன்."

"எப்போ?"

அவர் செருப்பைப் பார்த்தார். "செவ்வாய்க்கிழமை... அன்னிக்கே என் வேலை முடிஞ்சிடுச்சு."

"அப்போ மத்த நாளெல்லாம்?"

"உங்களைப் பார்க்கத்தான் வந்தேன். சொல்ல தைரியம் வரலை."

அக்கா தூரத்திலிருந்து கூப்பிட்டாள். அவள் அசையவில்லை.

"எனக்கும்தான்... நூல் வேண்டாம்னு சொன்ன ராத்திரி தூக்கமே வரலை. நாளைக்கு நீங்க வராம இருந்துடுவீங்களோன்னு." சிவந்த முகத்தோடு திரும்பி நடந்தவள், நாலடி போய் நின்றாள். "ஒன்பது குழி பாக்கி இருக்கு. போயிடாதீங்க."