ஆறாவது ஆள் விழுகிறான்

ஆள் விழுந்துவிட்டான்!

முசலி ஊரில் ஒரு கலியாண மண்டபம். ஆண்கள் பக்கம். புரியாணிச் சஹனை, அந்தப் பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்து சாப்பிட்ட இடத்தில் இப்போது ஐந்து பேர்தான். ஆறாவது ஆள் பாயில் குப்புறக் கிடந்தான்.

வாயில் நுரை...

"சாப்பாட்டிலதான் ஏதோ பிழை."

"ஆர்ட சாப்பாடு?"

"வேற ஆர்ட? றஹீமாடதான்."

கலியாணச் சாப்பாடு ஆக்கிக் கொடுக்கும் றஹீமா சமையல்கட்டு வாசலில் நின்று அத்தனையையும் கேட்டாள்.

இது மூன்றாவது கலியாணம்.

முதல் கலியாணத்தில் ஒருத்தன் விழுந்தபோது இறைச்சிக்காரரை மாற்றினாள். அடுத்ததில் விழுந்தபோது எண்ணெயை மாற்றினாள், தண்ணீரைக்கூட மாற்றினாள். ஓடர் மட்டும் குறைந்துகொண்டே போனது. இன்றைக்கும் பேர் கெட்டால் கடையை மூட வேண்டியதுதான். அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை.

நேற்றுத்தான் ஸீனத்திடம் சொல்லியிருந்தாள். ஸீனத் யாரோ எவரோ அல்ல. புத்தளம் அகதி முகாமில் ஒரே அடுப்பில் அவளோடு ஆக்கத் தொடங்கிய சிநேகிதி. கடைப் பலகையில் பேர் றஹீமா, புரியாணிக் கிடாரத்தில் கை ஸீனத்.

"ஒரே சஹன், ஒரே சோறு. அஞ்சு பேருக்கு ஒண்டுமில்லை, ஒருத்தனுக்கு மட்டும் எப்பிடி? ஆரோ காசு குடுத்து நடிக்க விடுறாங்கள். அந்தப் போட்டிச் சாப்பாட்டுக் கடை றசாக் நானாட வேலைதான். இந்த முறை ஆராவது விழுந்தா நேர ஆஸ்பத்திரிதான். டொக்டர் பாத்துச் சொல்லட்டும்."

"ஓம், அதுதான் சரி" என்றிருந்தாள் ஸீனத்.

றஹீமா முக்காட்டை இழுத்துவிட்டு ஆண்கள் பக்கம் நடந்தாள்.

"ராத்தா, இது ஆம்பிளையள்ட பக்கம்..." மாப்பிள்ளையின் தம்பி நஸார் குறுக்கே வந்தான்.

"பேர் போகேக்க ஆம்பிளை பொம்பிளை பாத்தா போகுது? விலகுங்கோ தம்பி."

சஹனருகே இருந்த ஐவரையும் பார்த்தாள்.

"உங்களுக்கெல்லாம் வயிறு எப்பிடி?"

"ஒண்டுமில்லை ராத்தா. பசிதான் இன்னும் போகேல்ல."

"இவர் ஆரு?"

"பொண்ணுட ஆள்" என்றான் நஸார்.

"இல்லையே, மாப்பிள்ளைட ஆள் எண்டெல்லோ நாங்க நினைச்சம்" என்றார் பெண்ணின் வாப்பா.

முழங்கால் வலியென்று ஓரமாகக் கதிரையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு விருந்தாளி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பொலிஸ் சார்ஜன்ட் டொமினிக்!

சஹனில் அவரவர் தங்கள் பக்கத்தில்தான் அள்ளிச் சாப்பிடுவார்கள். விழுந்தவன் பக்கத்தில் சோறு குழியாகிக் கிடந்தது. றஹீமா அந்தக் குழியிலேயே கைவைத்தாள்.

"எல்லாரும் பாருங்கோ. இவன் திண்டதை நானும் தின்னுறன். பிஸ்மில்லாஹ்..."

"தின்னாத றஹீமா! தின்னாத!"

ஸீனத் சமையல்கட்டிலிருந்து பாய்ந்து வந்து அவள் கையைத் தட்டிவிட்டாள். சோறு பாயெல்லாம் சிதறியது.

றஹீமா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்? நீ ஆக்கின சோறுதானே?"

"அந்தப் பக்கத்தில மட்டும்..."

"மட்டும்?"

"மருந்து கிடக்கு. வயித்தால போற மருந்து."

பாயில் கிடந்தவன் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தான்!

"மருந்தோ? நடிக்கத்தானே ராத்தா கூப்பிட்டனீங்க? இந்தப் பக்கத்தில இருக்கச் சொன்னதும், நுரைக்குச் சவர்க்காரம் தந்ததும் நீங்கதானே? நானும் பாக்கிறன், வயிறு ஏன் இப்பிடி முறுக்குதெண்டு..."

டொமினிக் அவன் தோளைப் பிடித்தார். "பேர்?"

"றிபாத்."

"மூண்டு கலியாணத்திலயும் நீதானோ?"

"ஓம் சேர்... கக்கூசுக்கு விடுங்கோ சேர், மிச்சத்தைப் பிறகு சொல்லுறன்."

றஹீமா அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"ஏன்டி?"

"டொக்டர் பாத்தா நடிப்பெண்டு தெரிஞ்சிடுமெண்டு நீதானே சொன்னனி. அதுதான் உண்மையாவே..."

"அதைக் கேக்கேல்ல. ஏன் செய்தனி?"

ஸீனத் தலை நிமிர்ந்தாள். "நெருப்புக்கு முன்னால வேகிறது நான். ஊருக்கெல்லாம் அது றஹீமாட புரியாணி. என்ட பிள்ளையே அப்பிடித்தான் சொல்லுறாள். உன்ட பேர் விழுந்தா, என்ட பேரில ஒரு கடை துவங்கலாமெண்டு..."

"வாய் திறந்து ஒருக்காக் கேட்டிருந்தா பலகையில உன்ட பேரைத்தானே முதல் எழுதியிருப்பன்." என்றாள் றஹீமா. "பாவம் அந்த றசாக் நானா, சலாம் சொன்னாக்கூட முகத்தைத் திருப்பினனான். பயந்து பயந்து எல்லாத்தையும் உன்னட்டயெல்லோ வந்து சொல்லி அழுதன்..."

"நீ அதைத் தின்னுறதைப் பாத்துக்கொண்டு நிக்க எனக்கு ஏலாமப் போச்சு."

அதுதான் றஹீமாவை அதிகம் சுட்டது. முழுசாகக் கெட்டவளாக இருந்திருந்தால் காறித் துப்பிவிட்டுப் போயிருப்பாள். இவளை என்ன செய்வது?

டொமினிக் அந்தச் சஹனைச் சாட்சிக்காக மூடி எடுத்தார். பெண்ணின் வாப்பா தொண்டையைச் செருமினார்.

"மற்றச் சஹன்களில பிழையில்லை. இருங்கோ எல்லாரும்." முதல் ஆளாகத் தானே இருந்து கைவைத்தார். மெல்ல மெல்ல எல்லாப் பாயும் நிறைந்தது.

"ராத்தா, பெருநாளுக்குப் பிறகு எங்கட மகள்ட கலியாணம். உங்கட சாப்பாடுதான்" என்றது ஒரு குரல். பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு.

றஹீமா சமையல்கட்டைத் திரும்பிப் பார்த்தாள். கிடாரம் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் யாருமில்லை.

"ஓடர் எல்லாம் திரும்பி வந்திட்டுது சார்ஜன்ட்" என்றாள் கண்ணைத் துடைத்தபடி. "ஆக்கிற கையைத்தான் நீங்கள் கொண்டுபோறீங்கள்."

வாசலுக்கு வந்த பொலிஸ் ஜீப்பில் ஸீனத்தை ஏற்றிய டொமினிக் திரும்பிப் பார்த்தார்.

"என்ன செய்யிறது அக்கா... இனி நல்ல புரியாணி வேணுமெண்டா மறியற்சாலைக்குத்தான் வரவேணும்!"