பெடல் அதிர்ந்தபோது

"பிரேக் பிடிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க... அது போதும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பட்டறை வாசலில் ஒருவன் தொப்பலாக நனைந்து நின்றான். அத்தனை மழையிலும் கண்கள் மட்டும் வறண்டு கிடந்தன... எத்தனை நாள் தூங்காத கண்களோ!

அவனுக்குப் பின்னால், கயிறு கட்டி இழுத்து வந்த கார். முன்பக்கம் நசுங்கியிருந்தது.

"யாருக்கு அடி?"

"தங்கச்சிக்கு. கால்ல ரெண்டு இடத்துல முறிவு. அப்பா அன்னிலேர்ந்து என்கிட்ட பேசறதே இல்ல. தப்பு வண்டி மேலன்னு தெரிஞ்சா பேசுவார்."

பட்டறையில் பிரேக் வேலை முழுக்க அவள் பொறுப்பு. ஸ்டீயரிங்குக்குக் கீழே குனிந்து ஸ்கேனரைச் செருகினாள்.

"இது ஓ.பி.டி. வண்டிக்கு நாடி பார்க்கற இடம். ஏ.பி.எஸ். சரியா இருக்கு. ஈ.பி.டி.யும்..."

"ஐயோ, எழுத்தா அடுக்காதீங்க... தலை சுத்துது!"

"சரி, தமிழ்லயே சொல்றேன். எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு பிடின்னு பிரிச்சுக் கொடுக்கறது ஈ.பி.டி. திடீர்னு அழுத்தினா சக்கரம் பூட்டிக்கிட்டு வண்டி சறுக்கும் இல்ல? பூட்டிக்காம இருக்க, பிடிச்சுப் பிடிச்சு விடறது ஏ.பி.எஸ்."

பெடலை அழுத்திப் பார்த்தாள். கல் மாதிரி நின்றது. அவளுக்குள் ஏதோ உறைத்தது.

"அன்னிக்கு... பெடல் கடகடன்னு அதிர்ந்துச்சா?"

"ஆமாங்க! உடைஞ்சே போச்சுன்னு பயந்து காலை எடுத்துட்டேன். மறுபடி அழுத்தறதுக்குள்ள சுவர்..."

அவள் பெடலையே பார்த்தாள். பாவி மனுஷா! அந்த அதிர்வுதானே பிரேக் வேலை செய்ததற்கு அடையாளம்... காலை எடுக்காமல் இருந்திருந்தால்...

பிடிக்கவில்லை என்று சொல்லிவிடலாம். ஒரே வார்த்தை. அந்தக் கண்கள் இன்றிரவு தூங்கும்.

"பிரேக் நல்லா இருக்குங்க," என்றாள் மெதுவாக. "ஏ.பி.எஸ். பிடிச்சுப் பிடிச்சு விடறப்போ பெடல் அப்படித்தான் அதிரும். காலை எடுக்கக் கூடாது... அழுத்தியே பிடிச்சிருக்கணும்."

அவன் முகம் வெளிறியது.

"அப்போ என் தங்கச்சி காலை உடைச்சது நான்னு சொல்றீங்க."

அவள் ஸ்கேனரைக் கழற்றினாள்.

"ரொம்ப நன்றி!" மழைக்குள் விடுவிடுவென்று போய்விட்டான். அன்று முழுக்க அவளுக்கு எந்த வேலையும் ஓடவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமோ?

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து வந்தான். மழை விட்டிருந்தது.

"வீட்ல சொல்லிட்டேன். தப்பு என் மேலதான்னு."

"அப்பா பேசினாரா?"

"கன்னாபின்னான்னு திட்டினார்... அதுவும் பேச்சுதானே! தங்கச்சிதான் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா." அவளை நிமிர்ந்து பார்த்தான். "உங்க மேல கோபமாத்தான் போனேன். ஆனா யோசிச்சுப் பார்த்தா, அன்னிக்கு என்கிட்ட உண்மை பேசினது நீங்க மட்டும்தான். அப்புறம்... உங்க நினைப்பாவே இருக்கு. என்ன செய்யறதுன்னு தெரியல."

கிரீஸ் படிந்த விரல்களைத் துணியில் துடைத்தாள்... துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அன்னிக்குப் பொய் சொல்லத்தான் வாயெடுத்தேன்," என்றாள்.

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீங்க திரும்ப வண்டி ஓட்டுவீங்க. திரும்பவும் பயந்து காலை எடுப்பீங்க. உங்களுக்கு ஒண்ணுன்னா என்னால தாங்க முடியாதுன்னு தோணுச்சு." துணியைக் கீழே வைத்தாள். "பார்த்து அரை மணி நேரம்கூட ஆகல... வெட்கமே இல்லாம தோணுச்சு."